எதிர்வீட்டுத் தறி

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

என் எழுத்து சிறுத்துப் போயிருப்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். நீ படிக்கிற விஷயம்தானே. ஆமாம், பார்க்கின்சன், அந்த நடுக்குவாதம்தான். மறைத்தது நான்தான், அம்மாவைத் திட்டாதே.

வலது கை சும்மா மடியில் கிடந்தால், நம் தெருப் பெண்கள் பீடி சுற்றுகிற மாதிரி கட்டைவிரல் தானாக உருளும். தறிக்கயிற்றைப் பிடித்தால் அடங்கிவிடும். அதனால் தறிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் பார்த்த டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு வருடம் ஊசி போட்டார். அந்தக் காசுக்கு இரண்டு பாவு நூல் வாங்கியிருக்கலாம்.

அப்புறம்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பால் பிராண்ட் டாக்டர் 1940களில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தியது அங்கேதானே. என் கைக்கும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். தசையில் ஒரு குறையும் இல்லையாம், மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமின் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள்தான் அழிந்துகொண்டு வருகின்றனவாம்.

நீ ஒருமுறை சொன்னாயே, தசை சுருங்கும்போது உள்ளே இருக்கும் இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று நழுவுகின்றன என்று. 1954இல் ஹக்ஸ்லி என்றே பெயர் கொண்ட இரண்டு விஞ்ஞானிகள், உறவுகூட இல்லாதவர்கள், தனித்தனியாகக் கண்டுபிடித்தது. நெசவாளிக்கு அது மறக்குமா? என் இழையெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மிதிக்கச் சொல்கிற ஆள்தான் தூங்கிவிட்டான்.

மாத்திரை லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற மருந்து. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடுகிறேன். பருப்பு, முட்டையோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்யாதாம். பூனைக்காலி விதையிலும் அந்த மருந்து இருக்கிறது என்று யாரோ சொல்ல, அம்மா பொடி வாங்கக் கிளம்பிவிட்டாள். அளவு தெரியாமல் தொடக்கூடாது என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது, எடுக்க வருவதில்லை. ஆனால் எதிர்வீட்டில் தறி ஓடினால் அந்தச் சத்தத்துக்கு நடை தானாக வருகிறது. தறி நின்றால் நானும் நடுவாசலில் நிற்கிறேன். தாளம் கேட்டால் நடை சீராகும் என்று பயிற்சி கொடுக்கிறவரும் சொன்னார். மூளையில் எந்த வழியாக அந்தச் சத்தம் காலுக்குப் போகிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. எழுத்து எறும்பாகிவிட்டது, மீதியை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம்.

அப்பா