வெங்கனுக்கு இந்த முறை முன்வாசலால்

பேர்ண்
12 ஒக்ரோபர் 2025

அன்புள்ள மச்சான்,

சுகமாக இருக்கிறாயா? தங்கச்சியின் முழங்கால் நோ குறைந்திருக்கிறதா? இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு பேர்ணிலேயே வேலை கிடைத்துவிட்டது. தினமும் வீட்டுக்கு வருகிறாள், அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

போன கிழமை சின்னவன் அலுமாரியைத் துழாவும்போது நம் படம் ஒன்றை எடுத்துவந்தான். வெங்கன் மலைக்கிராமத்தில் நாம் கோப்பை கழுவின ஹோட்டலின் பின்வாசல். நீயும் நானும் ஏப்ரனோடு நிற்கிறோம், பின்னால் சுவரில் விருந்தாளிகள் பனியில் சறுக்குகிற ஸ்கீப் பலகைகள் சாத்தியிருக்கின்றன. "அப்பா, நாலு வருசம் வெங்கனில் இருந்தும் ஒரு நாள்கூட ஸ்கீ பண்ணவில்லையா?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமில் பழகின பிள்ளை, அவனுக்கு இது விளங்கவேயில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன். வருகிற மார்ச்சில் நீயும் தங்கச்சியும் இங்கே வாருங்கள். நாலு பேருமாக ஒரு கிழமை வெங்கனில் போய்த் தங்குவோம். ஸ்கீ பழகுவோம்.

கோப்பை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு சின்ன யன்னல் இருந்ததே, நினைவிருக்கிறதா? எந்த நேரமும் ஆவி படிந்து வெள்ளையாக இருக்கும். நீ ஈரக்கையால் ஒருமுறை துடைப்பாய். அந்த உள்ளங்கை அகலத்துக்குள் யுங்ஃப்ராவ் மலை முழுதாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் திரும்ப மூடிவிடும். நீ திரும்பத் துடைப்பாய். நாலு பனிக்காலமும் நான் மலையைப் பார்த்தது அப்படித்தான்.

இன்னொன்றும் மறக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் ஸ்கீ அறையைக் கூட்டப் போனோம். யாரோ விட்டுப்போன ஸ்கீச் சப்பாத்துக்குள் நீ காலை நுழைத்து, கொளுக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, கையை விரித்துக்கொண்டு அப்படியே நின்றாய். உன் காலுக்கு அது இரண்டு அளவு பெரிது. நான் கதவடியில் காவல் நின்றேன். நாம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

1991 ஜனவரியையும் நினைத்தேன். லௌபர்ஹோர்ன் ஸ்கீப் போட்டிக்காக வெங்கன் நிரம்பி வழிந்தது, நமக்குக் கோப்பை மலைபோலக் குவிந்தது. அந்த வெள்ளிக்கிழமை கெர்னொட் ரைன்ஷ்டாட்லர் என்ற ஒஸ்ரியப் பையன் முடிவுக்கோட்டுக்குக் கிட்ட விழுந்தான், அன்றிரவே போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்கு 20 வயது, எனக்கு 21. அந்த வருடப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். பெரிய சமையல்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ அன்றைக்கு, "ஊரிலும் பிள்ளைகள் சாகிறார்கள், இங்கேயும் சாகிறார்கள்" என்றாய். இப்போதும் தொலைக்காட்சியில் அந்தப் போட்டி தொடங்கினால் எனக்கு உன் குரல்தான் கேட்கும்.

சரி, திட்டத்தைச் சொல்கிறேன். ஜனவரி நடுப்பகுதி வேண்டாம், லௌபர்ஹோர்ன் கிழமையில் இடமும் கிடைக்காது, காசும் கூட. பெப்ரவரி முழுக்கப் பள்ளிக்கூட விடுமுறைச் சனம். மார்ச்சில் பகல் நீளும், வெயில் முகத்தில் அடிக்கும். ஆனால் வெங்கன் 1274 மீற்றர் உயரம்தான், மார்ச்சில் பின்னேரமானால் பனி இளகிச் சேறுபோல ஆகிவிடும். அதனால் காலையிலேயே பல்லுச்சக்கர ரயிலில் கிளைன ஷைடெக்குக்கு ஏறிவிட வேண்டும். அது 2061 மீற்றர், அங்கே பனி நிற்கும். நாம் வேலைக்கு வருவதற்கு முந்தின மூன்று பனிக்காலமும் மலையில் பனியே இல்லாமல் ஹோட்டல்காரர் அழுததைச் சொல்வார்களே, அந்தப் பயம் இப்போது ஒவ்வொரு வருடமும் இருக்கிறது. உயரமான இடமாகப் பார்ப்பதுதான் புத்தி.

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம், ஒரு வீடு எடுப்போம். சனிக்கு சனிதான் பெரும்பாலும் தருவார்கள், ஆகவே மார்ச் 7 முதல் 14 வரை என்று யோசித்திருக்கிறேன். குசினி இருந்தால் இரவில் புட்டும் சொதியும் வைக்கலாம். ஸ்ரேசனடியில் கடை இருக்கிறது, தேங்காய்ப்பூவையும் மாவையும் நான் பேர்ணிலிருந்து கொண்டுவருகிறேன்.

நீங்கள் சூரிச்சில் இறங்கி முதலில் எங்கள் வீட்டில் மூன்று நாள் களைப்பாறுங்கள். பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் ஒரு மணித்தியாலத்துக்குள். அங்கே மாறினால் லௌட்டர்புறுன்னன் 20 நிமிடம், பிறகு பழைய பல்லுச்சக்கர ரயில். ஊருக்குள் இன்றைக்கும் கார் விடுவதில்லை. நாம் பெட்டியைச் சுமந்து ஏறின அதே மேடையில்தான் இறங்குவோம்.

பழகுவதற்கு ஊர் நடுவிலேயே சரிவு குறைந்த இடம் இருக்கிறது. நாம் பாண் வாங்கப் போகும் வழியில் சின்னப்பிள்ளைகள் விழுந்து எழும்புவார்களே, அதே இடம்தான். முதல் மூன்று நாளும் ஆசிரியரோடு அங்கே, அப்புறம் இலகுவான நீலப் பாதை. சிவப்பு, கறுப்பு எல்லாம் நமக்குத் தேவையில்லை. தங்கச்சி முழங்காலோடு ஸ்கீயில் ஏற வேண்டாம். அவளும் என் மனுசியும் ரயிலில் மேலே வந்து, ஐகர் மலையின் வடக்குச் சுவருக்கு முன்னால் வெயிலில் இருக்கட்டும். ஊரைச் சுற்றிப் பனியில் நடக்கவும் பாதைகள் உண்டு.

இந்த வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். நானும் சின்னவனிடம் அதைத்தான் கேட்டேன். சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கிற பூட்டு, விழும்போது தானாகக் கழன்றுவிட வேண்டும். எந்த இழுவையில் கழல வேண்டும் என்று நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், எவ்வளவு பழக்கம் என்பதையெல்லாம் பார்த்துக் கடைக்காரர் திருகி வைப்பார். 50 வயது தாண்டினவர்களுக்கு ஒரு படி இலகுவாகவே வைப்பார்களாம். ஆகவே கடையில் நிறையைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

காப்புறுதியில் மட்டும் கவனமாக இரு. ஒன்ராறியோ மருத்துவ அட்டை இங்கே பெரிதாக உதவாது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஸ்கீயும் ஹெலிகொப்டர் மீட்பும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து எடு. சரிவில் காலை முறித்தால் சில வேளை ரேகா என்ற மீட்புச் சேவையின் ஹெலிகொப்டர்தான் வந்து தூக்கும், அதற்கான செலவு சின்னதில்லை.

அந்த ஹோட்டல் இன்னும் இருக்கிறது, மச்சான். போன கோடையில் அந்தப் பக்கம் நடந்துபோனேன். பின்வாசலைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், அந்த யன்னல் இல்லை. நான் உள்ளே போகவில்லை. உன்னோடு போக வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பின்னேரம் நாலு மணிக்கு, ஸ்கீயை வெளியே சாத்திவிட்டு, சாப்பாட்டறையில் நாலு பேருமாக இருந்து தேத்தண்ணி குடிப்போம். குடித்த கோப்பைகளை யார் கழுவுகிறார்களோ, அந்தப் பிள்ளைகளைக் கண்டு கதைத்துவிட்டு வருவோம்.

வீட்டை இந்த மாதம் முடியுமுன் பதிய வேண்டும், கெதியாகப் பதில் போடு. சப்பாத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க உன் கால் அளவும் வேண்டும், சென்ரிமீற்றரில். குதிக்காலைச் சுவரோடு வைத்து நேராக நின்று, பெருவிரல் நுனி வரைக்கும். குனிந்து நீயே அளந்தால் பிழைக்கும், தங்கச்சியை அளக்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்