மொன்றியலில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். முற்றத்து மாமரம் இந்த முறை கிளிகளுக்குத்தான் காய்த்தது.

போன கிழமை தொலைபேசியில் கேட்டாய்: "கனடாவிலிருந்து கியூபெக் மாகாணம் பிரிவதா என்று திரும்பவும் வாக்கெடுப்பு வந்தால் நான் என்ன போடுவது? தனிநாடு கேட்ட சனத்தின் பிள்ளை நான். வேண்டாம் என்று போட்டால் பிழையா அப்பா?" அம்மா சாப்பிடக் கூப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று. உடனே சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

1977 இல் நான் போட்ட முதல் வாக்கு தனிநாட்டுக்குத்தான். முந்தின வருடம் வட்டுக்கோட்டையில் எடுத்த தனிநாட்டுத் தீர்மானத்தைத் தமிழர் விடுதலைக் கூட்டணி சனத்தின் முன் வைத்து 18 இடங்களை வென்றது. எங்களுக்கு அதுவே ஒரு வாக்கெடுப்பு. கொழும்பு அப்படி எண்ணவில்லை. 1983 இல் அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரித்துப் பேசினாலே குற்றம். தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த எம்.பி.மாரின் கதிரைகள் போயின. பிறகு நடந்தது உனக்குத் தெரியும், பங்கருக்குள் இருந்து வாய்ப்பாடு படித்தவள் நீ.

உங்கள் கியூபெக்கில் 1995 ஒக்ரோபர் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரிவு 50.58 வீதம் வேண்டாம், 49.42 வீதம் வேண்டும். வித்தியாசம் 55 ஆயிரம் வாக்குகூட இல்லை. மறுநாள் சனம் வேலைக்குப் போனது. எனக்கு இன்றைக்கும் அதில் பொறாமைதான்.

ஆனால் அன்றிரவு, பிரிவைக் கேட்ட கியூபெக் முதல்வர் பாரிசோ, பணமும் இனக்குழுக்களின் வாக்கும் தங்களைத் தோற்கடித்தன என்றார். அந்த இனக்குழுக்களுக்குள் மொன்றியல் தமிழரும் அடக்கம். வடக்கிலே கிரீ பூர்வகுடிகள் ஆறு நாள் முன்பே தங்களுக்கென்று வாக்கெடுப்பு வைத்து, எங்களைக் கனடாவிலிருந்து கொண்டுபோக முடியாது என்று 96 வீதம் சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்குப் பிரிய உரிமை என்றால், கிரீக்காரருக்கு அவர்களிடமிருந்து பிரிய உரிமை இல்லையா?

இதைச் சொல்லும்போது எனக்கு 1990 நினைவு வருகிறது. புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்து வெளியேற்றிய நாள். எனக்குச் சட்டை தைத்த நானாவும் ஒரு பையோடு போனார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. பயம் ஒரு காரணம், அது மட்டும் இல்லை. எங்கள் தேசத்தில் அவருக்கும் ஒரு சொல் உண்டு என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

கனடா உச்ச நீதிமன்றம் 1998 இல், கியூபெக் தன்பாட்டில் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேசியே ஆகவேண்டும் என்றது. குடியேற்ற நாட்டுக்கும் அந்நிய ஆட்சிக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பிரியும் உரிமை உண்டு என்றும் சொன்னது. நாட்டுக்குள்ளே ஆளும் பங்கு மறுக்கப்பட்ட சனத்துக்கு உண்டா என்பதை மட்டும் முடிவு சொல்லாமல் விட்டது. எங்கள் வழக்கு அங்கேதான் நிற்கிறது, பிள்ளை. அந்த உரிமை எங்களுக்கு இருந்தது என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். கியூபெக்காருக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது அங்கே இருக்கிற உனக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று போட்டால் என் 1977 வாக்குக்கு ஒரு பழுதும் வராது.

வாக்குச்சீட்டில் கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுது. 1995 கேள்வி சரியான சுற்றுவழி. பேரனைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டச் சொல். அம்மா பனாட்டு கட்டி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா