வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஆதரவு ஆசிரியர் கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்: மாவட்டச் சிறப்புக் கல்வி அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் ஆயா, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பிப்ரவரியிலும் மே மாதத்திலும் ஆங்கிலத்தில் கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. தாங்கள் தமிழ் வாசிப்பவர், இங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வருபவர், எங்கள் பகுதியை நன்றாக அறிந்தவர். அதனால் இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

1. என் பேரனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம். ஆதரவுத் தேவைப் படிவம் பள்ளியிலிருந்து போன ஆண்டே தங்களிடம் வந்துவிட்டது.

2. ஆங்கிலத்தில் 'தி', 'வாஸ்', 'செட்' போன்ற சொற்களைப் பார்த்ததும் சொல்லப் பழக வேண்டும். டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936இல் வெளியிட்ட இப்படிப்பட்ட சொற்களின் பட்டியலில், பெயர்ச்சொற்களை விட்டுவிட்டே 220 இருக்கின்றன. அத்தனையையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்து, வீட்டில் மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள்.

3. போன மாதம் 'செட்' என்பதைத் தப்பாக வாசித்தானாம். ஐம்பது முறை எழுதிவரச் சொல்லிவிட்டார்கள். அடுப்படி மேசையில் உட்கார்ந்து எழுதினான். முப்பது வரி வரை எஸ்-ஏ-ஐ-டி சரியாக வந்தது. முப்பத்தொன்றாவது வரியில் ஏ-க்கு முன்னால் ஐ வந்துவிட்டது. அதற்கப்புறம் மேல்வரியைப் பார்த்துப் பார்த்தே எழுதினான், ஐம்பது வரை தப்பாகவே. அதாவது இருபது முறை தப்பையே பழகினான், அம்மா! மறுநாள் நோட்டு முழுக்கச் சிவப்புக் கோடு. அன்று ராத்திரி, "ஆயா, என் கண்ணு கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல?

4. நான் துணி ஆலையில் தைத்துப் பிழைத்தவள், வாத்தியார் இல்லை. ஆனாலும் தட்டில் ரவையைப் பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்கிறேன். எஸ்ஸும் டியும் சொன்னபடி கேட்கும். ஏமாற்றுவது நடுவில் இருக்கும் ஏ-ஐ மட்டும்தான். அந்த இரண்டையும் சிவப்பில் எழுதிக் காட்டினேன், பிடித்துக்கொண்டான். தெரிந்த எட்டுச் சொல்லுக்கு நடுவே புதுச் சொல் ஒன்று, அவ்வளவுதான் அவனால் முடியும். தினம் பதினைந்து நிமிடம் போதும். அதைப் பயிற்சி பெற்ற ஒருவர் பள்ளியில் செய்யக்கூடாதா?

5. தேவையைக் கண்டறிந்து ஆதரவு தரவேண்டும் என்று நம் நாட்டுக் கல்வித்துறையின் 2014 கொள்கை சொல்கிறதே. கண்டறிந்தாயிற்று. ஆதரவு எங்கே? பல நாடுகளில் நடக்கும் பிர்ல்ஸ் என்ற வாசிப்புத் தேர்வில், 2021இல், நம் நாட்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 81 பேருக்குப் படித்துப் பொருள் புரியவில்லை என்று வந்தது. என் பேரனும் அந்தக் கணக்கில் சேரட்டும் என்றா காத்திருக்கிறீர்கள்?

6. ஜனவரியில் அவன் நாலாம் வகுப்பு.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். வயதானவள். அவனைப் போல அந்த வகுப்பில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். ஐந்து பேருக்குமாக, தினமும் அல்லது வாரம் மூன்று நாளாவது, ஓர் ஆதரவு ஆசிரியரை அனுப்பும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐம்பது வரி நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றாவது வரியைப் பாருங்கள், அம்மா.

இப்படிக்கு,
அவனுடைய ஆயா