மழையை அழித்தவர்களுக்கும் படகை நிறுத்தியவருக்கும்

அன்புடையீர்,

கையால் வரைந்த எங்கள் அனிமேஷன் படத்தை த்ரீடிக்கு மாற்றும் வேலை முடிந்தது. டைட்டிலில் பெயர் வந்தவர்களும் வராதவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

முதல் நன்றி லாஸ்பேட்டை ரோட்டோ, பெயிண்ட் பிள்ளைகளுக்கு, அதாவது பிரேம் பிரேமாக உருவத்தின் ஓரத்தை வெட்டி, மறைந்த இடத்தை வரைந்து நிரப்புகிறவர்களுக்கு. டெப்த் மேப்பில், அதாவது எது எவ்வளவு தூரம் என்று குறிக்கும் படத்தில், ஒரு பிக்சலுக்கு ஒரு தூரம்தான் வைக்க முடியும். ஆளும் சுவரும் என்றால் அது போதும். ஆளுக்கு முன்னால் மழை பெய்தால் போதாது. அப்படியே மாற்றினால் மழைக்கோடு முகத்தில் ஒட்டிய நூலாக நிற்கும். அதனால் மழையை முழுக்க அழித்து, அடியில் மறைந்த முகத்தையும் சுவரையும் வரைந்து நிரப்பி, அதை மட்டும் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படமாகப் பிரித்து, பிறகு மழையைப் புதிதாக கம்ப்யூட்டருக்குள் இரண்டு கேமராவில் பெய்யவிட வேண்டும். நிமிடத்துக்கு 1,440 பிரேம். அழித்த கை திரையில் தெரியவே கூடாது, தெரிந்தால் தப்பு.

கோட்டோவியத்தில் இன்னொரு வம்பு. உருவத்தின் கருப்புக் கோட்டு ஓரம் பின்னணி நிறத்தோடு கலந்திருக்கும். டெப்த் எல்லை கோட்டின் மேலேயே விழுந்தால் கோடு இரண்டாகக் கிழியும். எல்லையை ஒன்றிரண்டு பிக்சல் வெளியே தள்ளிக் கொடுத்த பொறுமை அவர்களுடையது.

ரெண்டர் (கம்ப்யூட்டரில் கடைசிப் படத்தை உருவாக்கும் வேலை) பார்த்துக்கொண்ட தம்பிக்கு: இடக்கண் மழைக்கும் வலக்கண் மழைக்கும் ஒரே ஸீட் எண் (துளிகள் எங்கே விழும் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடத் தொடங்கும் எண்) இல்லாவிட்டால் துளிகள் ஜோடி சேராது, கண் கூசும். இரண்டு மெஷினில் பிரித்துப் போட்டபோதெல்லாம் எண்ணைச் சரிபார்த்தே அனுப்பினீர்கள்.

ஊசுடேரி படகோட்டி அண்ணனுக்கு வணக்கம். குளக்காட்சியில் தண்ணீர்ப் பரப்பின் தூரத்தையே பிம்பத்துக்கும் கொடுத்தால், மரம் தண்ணீர்மேல் ஸ்டிக்கர் ஒட்டியது போலாகிவிடும். பிம்பம் நிற்பது மரம் இருக்கும் தூரத்தில். மிதக்கும் இலைதான் பரப்பில். இதைக் கண்ணால் பார்க்க, லென்ஸ் நடுவுக்கு நடு 65 மில்லிமீட்டரில், சுமார் பெரியவர்களின் கண் இடைவெளி அளவில், இரண்டு சின்ன கேமராவைப் பலகையில் பூட்டினோம். துடுப்பு போடாமல், நீர் அசையாமல் படகைப் பிடித்தவர் நீங்கள். பலகையை இழைத்த முதலியார்பேட்டை ஆசாரி ஐயாவுக்கும் அதே வணக்கம். ஒரு லென்ஸ் மேலேறி மற்றது கீழிறங்கினால் வருவது ஆழமல்ல, தலைவலி.

கடலூர் தியேட்டர் ஆபரேட்டர் அண்ணன் காலைக் காட்சிக்கு முன் த்ரீடிக்கான சில்வர் ஸ்கிரீனைத் திறந்துவிட்டார். ஆபீசில் சிவப்பு-நீலக் கண்ணாடியில் நிறத்தை முடிவு செய்யவே முடியாது. சிவப்புப் புடவை ஒரு கண்ணுக்கு வெளிச்சம், மறு கண்ணுக்கு இருட்டு. டூடியில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அளவு) இருக்கும் வெளிச்சம் த்ரீடியில் சுமார் 4.5 ஆகிவிடும். இரவுக் காட்சிகள் அங்கேதான் எங்களை மிரட்டின, திரும்ப கிரேடு செய்து நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிப்படுத்தினோம். 10 மீட்டர் திரையில் 2,048 பிக்சல் என்றால் 13 பிக்சலிலேயே இடக்கண், வலக்கண் படங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 65 மில்லிமீட்டர் விலகல் வந்துவிடும். அதைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும். குழந்தைகளின் கண் இடைவெளி இன்னும் குறைவு என்பதால் தூரப் பின்னணியை 10 பிக்சலில் நிறுத்தினோம்.

வெளியே நீட்டிய கை இடது ஓரத்தில் வெட்டுப்படுவது உறுத்துகிறது என்று சொன்னவரும் அவரே. இடக்கண் படத்தின் இடது ஓரத்தில் மட்டும் மெல்லிய கருப்புப் பட்டை வைத்ததும் சரியானது. மானிட்டரில் இதெல்லாம் எங்கே தெரிகிறது!

ஜெனரேட்டர் அண்ணன், டீக்கடை அக்கா, நன்றி.

சோதனைக் காட்சிக்கு வந்த குட்டிகளுக்கும் நன்றி. சிலர் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். அது தியேட்டருடையது. சட்டை நுனியால் துடைக்காமல், கீறல் விழாமல் எங்கள் ஆபீசில் கொடுத்துவிடுங்கள், சேர்த்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
எஃபெக்ட்ஸ் குழுவினர்
புதுச்சேரி