சங்குப்பிட்டி வீதி புதிய வீதியன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்குச் செல்லும் ஏ-32 வீதியைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் அதனைப் போர் முடிந்தபின் கிடைத்த குறுக்குவழி என்றே குறிப்பிட்டு வருகின்றனர். வவுனியாவுக்குச் சென்று திரும்புவதைவிட ஏறத்தாழ 100 கிலோமீற்றர் மிச்சம் என்பதே இன்று பயணிகள் அறிந்த செய்தி. 2011 ஜனவரி 16 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதுடன் இவ்வீதியின் கதை தொடங்குவதாகக் கொள்வது, அதற்கு முன் அவ்வழியே போய்வந்த பல தலைமுறையினரைக் கணக்கில் எடுக்காமல் விடுவதாகும்.

நாவற்குழியில் ஏ-9 வீதியிலிருந்து பிரியும் இவ்வீதி மறவன்புலவு, தனங்கிளப்பு, அறுகுவெளி ஆகிய ஊர்களின் வயல்களையும் உவர்நிலங்களையும் கடந்து கேரதீவில் பரவைக்கடல் எனப்படும் கடல்நீரேரியின் கரைக்கு வருகிறது. அங்கே நீரினூடே வீதியைத் தாங்கிச் செல்லும் தாம்போதியின் இருபுறமும் மீன்பிடிச் சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கும். மாரி ஓய்ந்த மாதங்களில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் மேய்வதையும் காணலாம். 288 மீற்றர் நீளமான பாலத்தைத் தாண்டிச் சங்குப்பிட்டியில் ஏறினால் அடுத்து ஞானிமடமும் பூநகரியும் வரும். பரந்தன் வீதி அங்கே கிழக்கே பிரிய, இவ்வீதி முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என மேற்குக் கரையை அண்டியே தெற்கு நோக்கிச் சென்று, இடையில் மண்டக்கல்லாற்றையும் பாலியாற்றையும் கடந்து, மன்னார்த் தீவுக்கான தாம்போதியின் அருகே ஏ-14 வீதியுடன் சேர்கிறது.

இவ்வழியின் பழைமைக்குப் பூநகரியே சான்று. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அப்பகுதியில் மேற்கொண்ட ஆய்வுகளில் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. யாழ் நகருக்கு எதிரே நீண்டு கிடக்கும் மண்ணித்தலையில் சோழர் காலக் கலைமரபைக் காட்டும் சிவாலயமொன்றின் எச்சம் இன்றும் உள்ளது. போர்த்துக்கேயர் அமைத்துப் பின்னர் ஒல்லாந்தர் பயன்படுத்திய பூநகரிக் கோட்டை, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்களை மட்டுமே கொண்ட சிறிய சதுரக் கோட்டைதான். ஆயினும் போக்குவரத்தில்லாத மூலையொன்றில் எவரும் கோட்டை கட்டிக் காவலிருப்பதில்லை. ஆங்கிலேயர் அதனுள்ளேயே தங்குமடம் ஒன்றை அமைத்தமை, வழிப்போக்கர் தொடர்ந்து வந்து சென்றதையே காட்டுகிறது. மன்னாரை அண்டியிருந்த பழைய மாதோட்டத் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த தரைவழியும் ஏறத்தாழ இதே திசையில்தான் அமைந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாலம் வரும்வரை கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ‘பாதை’ எனப்படும் மிதவையே ஏற்றி இறக்கியது. பூநகரி மொட்டைக்கறுப்பன் நெல் மூடைகள் தென்மராட்சிக்கு வந்ததும் அதிலேதான். சோளகக் காற்று மூசும் நாட்களில் பாதை புறப்படும்வரை கரையிலே காத்துக் கிடந்ததை மூத்தோர் பலர் இன்றும் சொல்வர். 1990 இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டை வன்னிப் பெருநிலத்துடன் இணைக்கும் ஆனையிறவு வழி அடைபட்டபோது குடாநாட்டு மக்களுக்குக் கைகொடுத்ததும் இத்துறையே. மறு ஆண்டில் பூநகரியில் இராணுவ முகாம் நிலைகொண்டதும் அவ்வழியும் மூடப்பட, மக்கள் கொம்படி, ஊரியான் சதுப்பினூடாகவும் அதன்பின் கிளாலிக் கடலில் இரவிலே படகேறியும் வன்னிக்குப் போக நேர்ந்தது. கிளாலியில் இழந்த உயிர்களை நினைக்கும் எவரும் கேரதீவுத் துறை மூடப்பட்டதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றையதன் காரணம் விளங்காது. 1993 நவம்பரில் பூநகரி முகாம் தாக்கப்பட்டதும், 2008 நவம்பரில் அப்பகுதி மீண்டும் இராணுவத்தின் வசமானதும், இந்தக் கடவைக்கு இருந்த பெறுமதியையே உணர்த்துகின்றன.

இவ்வளவு செய்தி அடங்கிய இடத்தைப் பேருந்துப் பயணி ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார். இறங்கிப் படம் எடுப்போருக்கும் பாலத்தின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஆகவே வீதி அபிவிருத்தி அதிகார சபையும் தொல்லியல் திணைக்களமும் பூநகரிப் பிரதேச சபையும் கலந்து பேசி, பாதைத்துறை இருந்த இடத்தை இரு கரைகளிலும் அடையாளமிட்டு, அதன் வரலாற்றை மும்மொழியிலும் எழுதிய பலகைகளை நிறுவ வேண்டும். கோட்டைக்கும் மண்ணித்தலைக்கும் வழிகாட்டும் பலகைகள், வேகமாக வரும் வாகனச் சாரதிக்கும் முன்கூட்டியே தெரியும் அளவில் அமைதல் நன்று. பலகையில் எழுதப்படும் செய்தியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே நாட்ட வேண்டும் என்பதையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாதையில் பயணித்த மூத்தோர் இன்னும் நம்மிடையே இருப்பதால், அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யும் வேலையை முதலில் தொடங்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இங்ஙனம்,
தென்மராட்சி வாசகர் ஒருவர்