உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கும் மருத்துவப் பாடத்திட்டம் வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

மனித இனங்கள் நான்கு: காக்கசாய்டு, மங்கோலாய்டு, நீக்ராய்டு, ஆஸ்ட்ரலாய்டு. தலைமுடி, மூக்கு, தோல்நிறம் என்று கட்டம் போட்டு நிரப்பிய இந்த அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர், பிறகு மரபியல் பாடத்துக்கு வருகிறார். எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ. ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றுதான் என்று அங்கே படிக்கிறார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று அவர் கேட்டால், உயிரியல் கற்பிக்கும் எங்களுக்குப் பாடநூல் கைகொடுப்பதில்லை. விடை இருக்கிறது. அதை நூலில் ஏற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் 1758-இல் மனிதரை நான்காகப் பிரித்தபோது நிறத்தோடு குணத்தையும் சேர்த்தே எழுதினார்: ஐரோப்பியர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், ஆப்பிரிக்கர் மனம் போன போக்கில் நடப்பவர் என்று. ஜெர்மன் மருத்துவர் புளூமன்பாக் பின்னர் அதை ஐந்தாக்கினார். காகசஸ் மலைப்பகுதி மக்களே அழகில் சிறந்தவர்கள் என்று கருதி 1795-இல் ஒரு பிரிவுக்கு அந்தப் பெயரை வைத்தார். இனங்கள் எத்தனை என்று அறிஞர்கள் சொன்ன கணக்குகளை டார்வின் 1871-இல் தொகுத்துக் காட்டினார். இரண்டு என்றார் ஒருவர், அறுபத்து மூன்று என்றார் இன்னொருவர். இயற்கையே கோடு கிழித்திருந்தால் எண்ணிக்கையில் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

மரபணுச் சான்றை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972-இல் இரத்தப் பிரிவுகளையும் புரதங்களையும் வைத்துக் கணக்கிட்டார். மனிதருக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் குழுவுக்குள்ளேயே கிடக்கிறது, இனம் என்று சொல்லப்படும் பெரும்பிரிவுகளுக்கு இடையில் இருப்பது 6 விழுக்காடு அளவே என்று கண்டார். இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். ஒரு மரபணுவைப் பார்த்து ஒருவர் எந்தக் கண்டத்து வம்சாவளி என்று சொல்ல முடியாது, ஆனால் நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று மரபியலாளர் ஏ. டபிள்யூ. எஃப். எட்வர்ட்ஸ் 2003-இல் சுட்டிக்காட்டினார். அதுவும் உண்மை. மாணவரிடம் இதை மறைத்தால், நாளை வேறு எங்காவது படித்துவிட்டு, ஆசிரியர் தன்னை ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்.

ஆனால் வம்சாவளியைக் கண்டுபிடிக்க முடிவது வேறு, மனிதர் தனித்தனி இனங்களாகப் பிரிந்திருப்பது வேறு. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, 52 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 1,056 பேரின் மரபுக் குறிகளைக் கணினியிடம் கொடுத்தது. ஐந்தாகப் பிரி என்றதும் ஏறத்தாழ கண்டவாரியாகப் பிரிந்தது. ஆறாகப் பிரி என்றதும் ஆறாவதாக வந்து நின்றவர்கள் பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் வாழும் கலாஷ் என்னும் சிறு சமூகத்தார். அவர்களை மனிதகுலத்தின் ஆறாவது இனம் என்று யாரும் சொல்வதில்லை. எத்தனைக் குவியல் என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. மனித வேறுபாடு ஊருக்கு ஊர், தூரத்துக்கு ஏற்ப மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகிறது.

தோல்நிறம் இன்னும் பெரிய ஏமாற்று. பசிபிக் தீவுகளின் மெலனீசியரும் மேற்கு ஆப்பிரிக்கரும் கருமையானவர்கள். மரபில் இருவரும் வெகுதூரம். கடும் வெயிலில் வாழ்ந்த தலைமுறைகளின் பதிவுதான் அந்தக் கருமை. அரிவாள் செல் சோகையும் 'கறுப்பர் நோய்' அல்ல. அதன் மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காக்கும். அதனால் மலேரியா வாட்டிய இடங்களில், மத்தியதரைக் கடலோரத்திலும் அரேபியாவிலும் இந்தியாவிலும்கூட அது உண்டு. மலேரியா பரவாத தென் ஆப்பிரிக்கப் பகுதிகளின் பூர்வகுடிகளிடம் அரிது.

மருத்துவப் பாடத்திட்டம் வகுப்போரே, இனி உங்களிடம் வருகிறேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவை வைத்து மதிப்பிட 2009-இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. அமெரிக்காவில் இந்த மதிப்பீடு 20-க்கு இறங்கினால்தான், டயாலிசிஸ் தொடங்காதவருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே இரத்த முடிவு கொண்ட இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு 18 என்று வருகிறது. அவர் பட்டியலில் ஏறுகிறார். மற்றவருக்கு அதே 18, பெருக்கியதும் 21 ஆகிவிடுகிறது. அவர் வெளியே நிற்கிறார். படிவத்தில் குறித்த ஒரு சொல்லைத் தவிர இருவருக்கும் எந்த வேறுபாடும் இல்லை. 2021-இல் அந்தப் பெருக்கலை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. 2023-இல், இதனால் தாமதப்பட்டவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரும்படி மருத்துவமனைகளுக்கு உத்தரவும் வந்தது. அதற்குள் காத்திருந்தே இறந்தவர்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபைன் மாத்திரையைப் பற்றியும் கற்பியுங்கள். அது சிலருக்குத் தோலையே உரித்துவிடும் ஒவ்வாமையைக் கொண்டுவரும், எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபு வகை இருந்தால் ஆபத்து கூடும். 'ஆசியர்' என்று ஒரே வார்த்தையில் எச்சரித்தால் என்ன பயன்? தாய்லாந்திலும் மலேசியாவிலும் அது பரவலாகக் காணப்படுகிறது. ஜப்பானியரிடமும் கொரியரிடமும் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. முகத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட மரபணுவையே சோதித்துவிடலாம்.

அப்படியானால் இனம் வெறும் கற்பனையா, மருத்துவப் பதிவேட்டிலிருந்தே அதைத் துடைத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இதை நான் முற்றாக மறுக்கிறேன். சட்டமும் சமூகமும் உண்டாக்கியது என்பதால் அது பொய்யாகிவிடாது. வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்ற அன்றைய சட்டத்தின்படி, 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'வெள்ளையர் என்றால் காக்கேசியர்' என்று சொல்லி ஜப்பானில் பிறந்த ஒருவருக்குக் குடியுரிமை மறுத்தது. அடுத்த ஆண்டே, நானும் காக்கேசியன்தானே என்று வந்த, இந்தியாவில் பிறந்த பகத் சிங் திண்ட் என்பவரிடம், சாமானியர் வெள்ளையர் என்று ஏற்பவரே வெள்ளையர் என்று சொல்லி அவருக்கும் குடியுரிமை மறுத்தது. எலும்பும் இரத்தமும் மாறவில்லை. தீர்ப்பு மாறியது, வாழ்க்கை பறிபோனது. எந்தத் தெருவில் வீடு கிடைக்கிறது, எந்தக் காற்றை மூச்சிழுக்கிறோம், வலி என்றால் மருத்துவர் நம்புகிறாரா என்பதெல்லாம் உடம்பில்தான் போய்ச் சேருகிறது.

பதிவு இருந்ததால்தான் ஒரு பெரிய பிழையும் பிடிபட்டது. விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியவர்களின் தமனி இரத்தத்தையும் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020 டிசம்பரில் வெளியானது. உண்மையில் ஆக்சிஜன் 88-க்கும் கீழே இறங்கியிருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. ஒளியை வைத்து அளக்கும் கருவி கருத்த தோலில் தடுமாறுகிறது. இனத்தைக் குறித்தே வைக்காதிருந்தால் இது இன்னும் மறைந்தே கிடந்திருக்கும்.

ஆகவே, அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும்முன் அந்த நான்கு கட்ட அட்டவணையை எடுத்துவிட்டு, மலேரியா பரவிய நிலப்படத்தையும் அரிவாள் செல் மரபணு பரவிய நிலப்படத்தையும் அருகருகே போடுங்கள். மருத்துவ நூலில் நோய்க்கு 'இனம்' ஒரு காரணம் என்று எழுதியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும், அது மரபணுவா, வாழும் சூழலா, கிடைக்காத சிகிச்சையா, கருவியின் குறையா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். எது என்று தெரியாத இடங்களில், தெரியவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்