ரேம் வாங்கும்போது ரசீதில் என்ன எழுத வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய மேசைக் கணினிகளைப் பற்றி இரண்டே பேச்சுதான். "மெஷின் பழசு, புதுசு வாங்குங்க" என்பது ஒன்று. "ரேம் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது மற்றொன்று. ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். எதையும் திறந்து பார்க்காமல் சொல்லப்படும் இந்த இரண்டு பேச்சாலும் தோட்டக் குடும்பங்களின் பணம்தான் கரைகிறது.

ரேம் போதவில்லையா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வழக்கமாகத் திறக்கும் அத்தனையையும் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி, அதாவது ரேம், 85, 90 விழுக்காட்டில் நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதிகூட நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் குறை பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ரேமுக்குப் போடும் காசுக்கு, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டி வாங்குவதே சரி. 4 ஜிபி ரேம் உள்ள கணினிகளில் இரண்டும் சேர்ந்தே ஏறுவதுண்டு. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதுவதுதான் காரணம்.

ரேம் கூட்டினால் விண்டோஸ் 11 வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு 4 ஜிபி ரேமே போதும். தடையாக நிற்பவை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் பிராசஸரின் வயதும்தான். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை மைக்ரோசாப்ட் ஏற்பதில்லை. இன்னொன்று, 32-பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 8 ஜிபி போட்டாலும் மூன்று ஜிபி சொச்சம்தான் பயன்படும். 64-பிட்டுக்கு மாற்றப் புதிதாக ஏற்ற வேண்டும், அதற்கு முன் படங்களையும் கோப்புகளையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

டெஸ்க்டாப் ரேம் எல்லாம் ஏறக்குறைய 13.3 சென்டிமீட்டர் நீளம். ஆனாலும் பழைய வகையான டிடிஆர்3 ரேம், அதற்கு அடுத்த வகையான டிடிஆர்4-க்கான ஸ்லாட்டில் (ரேமைச் செருகும் இடத்தில்) உட்காராது, ஏனென்றால் அடிவிளிம்பின் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. டிடிஆர்3-க்கு 240 மின்தொடு முனைகள், 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 288 முனைகள், 1.2 வோல்ட். இன்டெல் 2 முதல் 4-ஆம் தலைமுறை வரை டிடிஆர்3. 6-ஆம் தலைமுறையிலிருந்து பெரும்பாலும் டிடிஆர்4. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் வகை, வேகம் எல்லாம் தெரியும். அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட மிகச் சிறிய பெட்டிக் கணினிகளில் மடிக்கணினியின் குட்டை ரேம்தான் போகும், ஆகவே திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள்.

2025-இன் பிற்பகுதியிலிருந்து மெமரி சிப்புகள் ஏஐ சர்வர்களுக்கே (நிறுவனங்களின் பெரிய கணினிகளுக்கே) அதிகம் போவதால் ரேம் விலை ஏறிவிட்டது. அதனாலேயே இணையக் கடைகளின் மலிவுச் சரக்கின் மேல் கண் போகிறது. அங்கே இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது, சர்வரிலிருந்து கழற்றிய ரேம். மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சாதாரண ஸ்லாட்டில் அழகாக உட்காரவும் செய்யும். ஆனால் வீட்டுக் கணினியில் திரை வராது. டிடிஆர்3 ரேமின் லேபிளில் "12800" போன்ற எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். "யு" (U) என்றால் வீட்டுக் கணினிக்கானது, "ஆர்" (R) என்றால் சர்வருக்கானது. லேபிள் கிழிந்திருந்தால் சிப்புகளை எண்ணுங்கள். வீட்டு ரேமில் ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 8 இருக்கும். 9 சிப்புகளும் நடுவில் தனியாக இன்னொரு சிப்பும் இருந்தால் அது சர்வர் சரக்கு.

இரண்டாவது, "ஏஎம்டிக்கு மட்டும்", அதாவது ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர் உள்ள கணினிக்கு மட்டும், என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டு விற்கப்படும் 8 ஜிபி டிடிஆர்3. அதன் சிப் அமைப்பை இன்டெல் கணினிகளால் படிக்க முடியாது. நம் வட்டாரத்தில் உள்ள பழைய அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை இன்டெல்தான். வாங்குகிறவர் மாட்டிப் பார்த்து, திரை வராமல், மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார். நல்ல கணினி பழைய இரும்புக்குப் போவது இப்படித்தான்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடியும். பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்ட பிறகே ரேமை எடுங்கள். வெட்டைப் பொருத்தி, ரேமின் இரு ஓரங்களிலும் கட்டைவிரலால் நேராக அழுத்தினால் பக்கத்துக் கொக்கி "டிக்" என்று தானாக மூடும். அது மூடாதவரை ரேம் சரியாக உட்காரவில்லை என்றே அர்த்தம். நான்கு ஸ்லாட் இருந்து ஒரே அளவில் இரண்டு ரேம் போடுவதானால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும்தான் சரியான இடம். பக்கத்துப் பக்கத்தில் போட்டால், இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரட்டை வழி கிடைக்காமல் வேகம் குறையும். 1333 வேக ரேமோடு 1600 வேக ரேம் சேர்ந்தால் இரண்டும் 1333-இல்தான் ஓடும். அதில் கெடுதல் இல்லை.

திரை வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் பதற வேண்டாம். மீண்டும் பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தங்க நிற முனைகளில் படலம் படியும். மென்மையான வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துகளை முழுதும் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டில் பல்லி எச்சமும் எறும்பும் கிடப்பது சாதாரணம். உலர்ந்த தூரிகையால் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். சில கணினிகள் ரேம் அளவு மாறியதாக ஒரு செய்தி காட்டி எஃப்1 அழுத்தச் சொல்லும். அது பழுது அல்ல. வேலை முடிந்ததும் விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஒருமுறை ஓடவிடுங்கள்.

கணினிக் கடைக்காரர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். ரசீதில் "ரேம் 8 ஜிபி" என்று மொட்டையாக எழுதாதீர்கள். வகை, வேகம், பிராண்டு, புதியதா பழையதா, எத்தனை மாத உத்தரவாதம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பொருத்தமில்லாததைக் கொடுத்துவிட்டுக் கடை கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ரசீதில் விவரம் இல்லாவிட்டால் அங்கே போய் எதைக் காட்டுவது? வியாபாரியாக இல்லாத தனி ஆளிடம் வாங்கிய பழைய பொருளுக்கு இந்த வழி கிடையாது.

கழற்றிய பழைய ரேமைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்கள் சொத்து. புதியது தகராறு செய்யும் நாளில், குறை ரேமிலா போர்டிலா என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.